‘ஆண்டவர் மன்னித்துவிட்டார், இன்னும் ஏன் ஊர்க்காரர்களிடம் போகவேண்டும்?’

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஊரும் ஆளும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“அன்புள்ள அக்கா, எனக்கு 54 வயது. 17 வருஷமாகப் பசுந்தேயிலை ஏஜெண்ட். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. சுற்றுவட்டத்தில் 40 சிறு விவசாயிகளிடம் இலை எடுத்து பேக்டரிக்குக் கொடுக்கிறேன். குடி, பீடி எதுவும் கிடையாது, சபைக் கமிட்டியில் இருக்கிறேன். ஆனால் எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் நியாயமாகக் கழிக்கவேண்டியதற்கு மேல் மூட்டைக்கு ஒரு கிலோ, மழைக்காலத்தில் இரண்டு கிலோ கழித்து எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து கூட்டத்தில் சகேயுவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டேன். அன்று இரவு தூங்கவில்லை, முழங்காலில் நின்று அழுதேன். அடுத்த நாளிலிருந்து சரியான எடைதான் போடுகிறேன். ஆனாலும் சமாதானம் இல்லை. பழைய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? ஜெபக்குழு அண்ணன், ‘பழையவைகள் ஒழிந்துபோயின, கிளறாதே’ என்கிறார். மனைவி, ‘மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் பேரைக் கெடுத்துக்காதீங்க’ என்று அழுகிறாள். யாரிடமும் சொல்லாமல் இனிமேல் மூட்டைக்கு ஒரு கிலோ கூட்டி எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? இல்லை, சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டுமா? செத்துப்போனவர்களுக்கும், தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டவர்களுக்கும் என்ன செய்வது? நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டேனா என்றே பயமாக இருக்கிறது.”

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் இதை எழுதியதற்கு நன்றி. குன்னூரில் குடிநோய் மீட்பிலும் குடும்ப ஆலோசனையிலும் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். ‘நான் திருந்திவிட்டேன்’ என்று சொல்லி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மூட்டைக்கு எத்தனை கிலோ, எத்தனை வருஷம், எத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு வந்தவர்கள் குறைவு. பாவத்தைப் பொதுவாகச் சொல்லி அழுவது சுலபம், கிலோ கணக்கில் சொல்வதுதான் கஷ்டம். நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள். அதனால் நானும் உங்களிடம் நேராகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆமாம், சொல்லித்தான் கொடுக்கவேண்டும். எப்படி, யாருக்கு, எவ்வளவு என்பதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கடைசி வரிக்கு, அந்தப் பயத்துக்கு, பதில் சொல்லியாகவேண்டும். பயத்தோடு திருப்பிக் கொடுத்தால் அது கடன் அடைப்பதுபோல ஆகிவிடும், ஆண்டவரிடமிருந்து மன்னிப்பை வாங்குவதுபோல ஆகிவிடும்.

சகேயு கதையை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதில் எது முதலில் நடந்தது என்று மறுபடி ஒருமுறை லூக்கா 19-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். அவன் எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன், வரி வசூலில் கையை நீட்டிப் பணக்காரன் ஆனவன். காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு கீழே நின்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அதுவரை அவன் ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடு, அப்புறம் வருகிறேன் என்று அவர் சொல்லவும் இல்லை. அவர் வீட்டுக்குள் வந்த சந்தோஷத்தில்தான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்கிறான். இந்த வரிசை முக்கியம். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. லெந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உங்களை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், அதனால்தான் தூக்கம் போயிருக்கிறது. கூப்பிடப்படாதவனுக்குத் தராசு உறுத்தாது. 17 வருஷம் உங்களுக்கு உறுத்தவில்லையே, யோசித்துப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே மனந்திரும்புதல் என்று வைத்துக்கொண்டால், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான். தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு செத்தான். பேதுருவும் அதே இரவில்தான் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான், வெளியே போய் மனங்கசந்து அழுதான். ஆனால் அவன் மற்ற சீஷர்களிடம் திரும்பிப் போனான், கரையில் ஆண்டவர் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தரம் கேட்ட கேள்விக்கு மூன்று தரமும் பதில் சொன்னான். குற்ற உணர்ச்சி இரண்டு பேருக்கும் இருந்தது, ஒருவன் அதோடு தனியாகப் போனான், மற்றவன் ஆட்களிடம் திரும்பினான். குடிநோய் மீட்பில் இந்த வித்தியாசத்தை வாரா வாரம் பார்க்கிறேன். அதனால் தயவுசெய்து தனியாக இதைச் சுமக்காதீர்கள். இரவில் அந்தப் பயம் அளவுக்கு மீறி வந்தால் யாரையாவது எழுப்பிப் பேசுங்கள், எனக்கும் கூப்பிடலாம்.

சரி, இப்போது ஜெபக்குழு அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்ன வசனம் உண்மைதான். கிறிஸ்துவுக்குள் இருப்பவன் புதுச் சிருஷ்டி, பழையவைகள் ஒழிந்துபோயின என்று பவுல் எழுதினார். ஆனால் அதே பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தையும் பார்க்கவேண்டும். ஒநேசிமு என்ற அடிமை பிலேமோனை விட்டு ஓடிவந்துவிட்டான், பவுலிடம் வந்து விசுவாசியானான். பழையது ஒழிந்தது, நீ இங்கேயே இரு என்று பவுல் சொல்லவில்லை. கையில் ஒரு கடிதம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார், அந்தக் கடிதத்தில், அவன் உனக்கு ஏதாவது நஷ்டம் பண்ணியிருந்தால், ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை, நானே தீர்ப்பேன், என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். ஆண்டவருக்கு முன்னால் பழையது ஒழிந்தது என்பதும், பிலேமோனின் கணக்குப் புத்தகத்தில் அது இன்னும் ஒழியவில்லை என்பதும், பவுலுக்கு ஒன்றோடொன்று இடிக்கவில்லை.

இங்கே நம் சபைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், எனக்கு இது ரொம்ப நாளாக மனதில் இருக்கிற ஆதங்கம். மனந்திரும்பியவன் எதையெல்லாம் விடவேண்டும் என்று நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். குடி, பீடி, சினிமா, சில சபைகளில் நகை. நீங்கள் இதில் எதுவும் செய்யவில்லை, அதனால் 17 வருஷமாக உங்களை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கமிட்டியிலும் போட்டார்கள். ஆனால் யோவான் ஸ்நானகனிடம் யோர்தான் கரையில் ஜனங்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது அவன் கொடுத்த பதில்களைப் பாருங்கள், லூக்கா 3-ல் இருக்கிறது. பொதுவாக வந்த ஜனங்களிடம், இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்றான். ஆயக்காரர்களிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகர்களிடம், யாரையும் மிரட்டாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு. ஆளுக்கு ஆள் பதில் வேறு. அவரவர் எந்தக் கையால் பிழைக்கிறார்களோ அந்தக் கையைத்தான் அவன் பிடித்தான். உன் தொழிலை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை, அதே தொழிலில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள் என்றான். யோவான் இன்று டானிங்டன் முனையில் வந்து நின்றால், இலை ஏஜெண்டிடம் சினிமாவைப் பற்றிக் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை.

மனந்திரும்புதல் என்ற நம் தமிழ்ச் சொல்லே இதைச் சொல்லிவிடுகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டனோயா, அது மனம் மாறுவது. பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகள் சொல்லும் எபிரேயச் சொல் ஷூவ், அது திரும்பி வருவது, போன வழியை விட்டுக் கால் திரும்புவது. ஒன்றில் மனம் இருக்கிறது, இன்னொன்றில் கால் இருக்கிறது. நம் சொல்லில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் மனமாற்றம் என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான், ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தத் திரும்புதல் வேண்டியிருக்கிறது. உங்கள் மனம் லெந்து கூட்டத்திலேயே மாறிவிட்டது. இனிமேல் நடந்து போகவேண்டிய வீடுகள்தான் பாக்கி.

17 வருஷம் எப்படித் தெரியாமல் இருந்தது என்று உங்களையே நொந்துகொண்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமியைப் பற்றிச் சொல்கிறேன். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் ஒரு புயலில் கப்பல் மூழ்கப் போன நேரத்தில் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார், அதையே தன் மனந்திரும்புதலின் நாளாக வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்களுக்குக் கேப்டனாகப் போனார். மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனை நடத்துவார், கீழே மனிதர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். 1754-ல் கடலை விட்டதுகூட உடம்பு சரியில்லாமல் போனதால்தான். 1764-ல் குருவானார். அடிமை வணிகத்தைக் கண்டித்து, அதில் தன் பங்கையும் ஒத்துக்கொண்டு வெளிப்படையாக எழுதியது 1788-ல். புயலிலிருந்து எண்ணினால் 40 வருஷம். ஜெபிக்கிற மனிதன்தான், ஆனால் அவன் சோறு எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் மட்டும் கண் திறக்க அவ்வளவு காலம் ஆனது. நமக்கு எல்லாருக்குமே அந்த இடம்தான் கடைசியாகத் தெரியும். இதை உங்கள் குற்றத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் இப்போது உங்கள் முன்னால் இருக்கிற கேள்வி.

கணக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து நானே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 40 பேர், ஆளுக்குச் சுற்றுக்கு மூன்று மூட்டை என்று வைத்தேன், 15 நாளைக்கு ஒரு சுற்று, மூட்டைக்கு ஒரு கிலோ. ஒரு சுற்றுக்கு 120 கிலோ. வருஷத்துக்கு 24 சுற்று, 2,880 கிலோ. 17 வருஷத்துக்கு 48,960 கிலோ. மழைக்கால இரண்டு கிலோவை நான் சேர்க்கவே இல்லை. இந்தக் காலத்தில் கிலோ 8 ரூபாய்க்கும் போயிருக்கிறது, 20-ஐத் தாண்டியும் போயிருக்கிறது, நடுவில் 12 என்று வைத்தால் 5,87,520 ரூபாய். இந்தத் தொகையை நான் எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூட்டைக்கு ஒரே ஒரு கிலோதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் நீங்கள் பார்க்கவேண்டும், உங்கள் கடிதத்தில் அது இல்லை. தோட்டக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பறித்த பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் பக்கத்துச் சிறு தோட்டங்களில் பல இடத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. எந்தத் தராசு? உங்கள் தராசு. நீங்கள் குறித்துக் கொடுத்த எடைதான் தோட்டக்காரர் நோட்டிலும் ஏறும், அதை வைத்துத்தான் கூலி பிரிப்பார். ஆக அந்த ஒரு கிலோ இரண்டு வீட்டில் குறைந்திருக்கிறது. தோட்டக்காரருக்கு விலையில், பறித்தவளுக்குக் கூலியில். பனியில் கை விறைத்துப்போய், அட்டைக்கடியோடு, இடுப்பில் படுதா கட்டிக்கொண்டு நிற்கிறவளுடைய கூலி. உங்கள் வயல்களை அறுத்தவர்களுடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினாரே, அந்தக் கூலி இதுதான்.

நான் இதைக் கொஞ்சம் சூடாகச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. என் அம்மா இலங்கையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. இங்கேயும் அம்மா கூடையைத்தான் தூக்கினார். அவர் சாகும்வரை ஒன்று சொல்வார். மழை நனைத்தது மறந்துபோச்சு, துரை திட்டியதும் மறந்துபோச்சு, தராசு முன்னால நின்னு கணக்கப்பிள்ளை சொல்ற ராத்தலைக் கேட்டுட்டு ஒண்ணும் பேச முடியாமத் திரும்பினதுதான் மறக்கல என்பார். எவ்வளவு பறித்தோம் என்று அவர் தோளுக்குத் தெரியும். தராசு வேறு சொல்லும். படிக்காதவள், எதிர்த்துக் கேட்டால் நாளைக்கு வேலை இல்லை. பணம் போனது ஒரு பக்கம், தன் தோளுக்குத் தெரிந்ததைப் பொய் என்று ஒத்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்ததே, அதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அதனால்தான் உங்கள் மூன்றாவது யோசனையை, அதாவது யாரிடமும் சொல்லாமல் இனிமேல் மூட்டைக்கு ஒரு கிலோ கூட்டி எழுதிவிடுவதை, வேண்டாம் என்கிறேன். நல்ல மனதோடு யோசித்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அப்போதும் தராசு பொய்தான் சொல்லும், கொடுக்கிற பக்கமாகப் பொய் சொல்லும், அவ்வளவுதான். தராசின் எஜமான் மறுபடி நீங்கள்தான். அவர்களுக்கு நியாயம் கிடைத்தது என்பது அவர்களுக்கே தெரியாது. என் அம்மாவிடம் அந்தக் கணக்கப்பிள்ளை என்றைக்காவது வந்து, ‘நீ சொன்னதுதான் சரி, நான்தான் குறைத்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பணமே கொடுக்காமல் போயிருந்தாலும், அம்மா அதை நூறு பேரிடம் சொல்லியிருப்பார்.

எவ்வளவு கொடுப்பது? வேதத்தில் இருக்கிற அளவுகளில் இரண்டைச் சொல்கிறேன். லேவியராகமம் 6-லும் எண்ணாகமம் 5-லும், எடுத்த தொகையை முழுசாகக் கொடுத்து அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. சகேயு சொன்ன நாலத்தனை, ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ நியாயப்பிரமாணம் விதித்த அளவு. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனாகவே தன் மேல் போட்டுக்கொண்டான். உங்களுக்கு நாலத்தனை என்றால் 23 லட்சத்துக்கு மேல், அது உங்கள் குடும்பத்தை உடைத்துவிடும், உங்கள் மகள் எந்த மூட்டையையும் எடை போடவில்லை. ஐந்தில் ஒன்று கூட்டினால் 7,05,024 ரூபாய். ஐந்து வருஷத்தில் கொடுப்பதாக இருந்தால் மாதம் 11,750. மேட்டுப்பாளையத்தில் 3 சென்ட் இடம் வாங்கிப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள், நான் அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

லேவியராகமத்தில் அந்தப் பகுதியை வாசிக்கும்போது வரிசையையும் பாருங்கள். உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறான், அந்த நாளிலேதான் பலி கொண்டுவருகிறான். ஆண்டவரும் அதையே சொன்னார், காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 5,000 ரூபாய்க்கு எடுத்ததாகவும், கோவில் கூரைக்கு 50,000 கொடுத்ததாகவும், அதையெல்லாம் இதில் கழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கழித்துக்கொள்ள முடியாது சகோதரரே. அது உங்கள் பணம் இல்லை, விவசாயிகளுடைய பணம். காசு கொடுத்தால் பாவத்தின் தண்டனை குறையும் என்று பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் 1517-ல் மார்ட்டின் லூதர் எழுந்தார். நாம் அதை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது.

செத்துப்போனவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். எண்ணாகமம் 5 அதையும் யோசித்து வைத்திருக்கிறது. ஆள் இல்லையென்றால் அவன் இனத்தானுக்கு. இனத்தானும் இல்லையென்றால்தான் கர்த்தருக்கு. நம் ஊரில் சொந்தம் இல்லாதவர்கள் யார்? மகன், மகள், தம்பி யாராவது இருப்பார்கள். திருப்பூர் போனவர்களின் போன் நம்பர் பக்கத்து வீட்டில் இருக்கும். எவ்வளவு தேடியும் கிடைக்காத பங்கு என்று கடைசியில் ஒன்று நின்றால், அதைக் கோவிலுக்குக் கொடுக்காமல் பறித்த பெண்களுக்குச் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அவர்களுக்குத்தான் நோட்டில் பேரே இருக்காது, யார் யாருடைய தோட்டத்தில் எந்த வருஷம் பறித்தார்கள் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். தெரிந்தவர்களுக்குக் கையில் கொடுங்கள், தெரியாதவர்களுக்கு இப்படி.

எப்படிச் சொல்வது? சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘பாட்டி, இத்தனை வருஷமா உங்க இலையில மூட்டைக்கு ஒரு கிலோ குறைச்சு எழுதியிருக்கேன். அது தப்பு. கணக்குப் போட்டா இவ்வளவு வருது. இத்தனை தவணையில தர்றேன். என்னை மன்னிக்கணும்.’ இவ்வளவுதான். எல்லாரும் செய்கிறார்கள் என்று சேர்க்காதீர்கள், அது உண்மையும் இல்லை, சரியான எடை போடுகிற ஏஜெண்டுகளை எனக்கே தெரியும். டீசல் விலை, பேக்டரி பாக்கி, குடும்பக் கஷ்டம் எதையும் சேர்க்காதீர்கள். அவர்கள் திட்டினால் நின்று கேளுங்கள். மன்னிக்கமாட்டேன் என்றால் அது அவர்கள் உரிமை, பணத்தை மட்டும் வைத்துவிட்டு வாருங்கள், ஒரு வருஷம் கழித்து மனம் இளகலாம், இளகாமலும் போகலாம். இலையை வேறு ஏஜெண்டிடம் கொடுக்கிறேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். உங்கள் விவசாயிகளில் பெரும்பாலானவர்கள் படகர் சமுதாயத்தவர், மற்றவர்கள் என்னைப்போல் தாயகம் திரும்பிய குடும்பங்கள், பலரும் இந்துக்கள். பணம் கொடுக்கப் போகும்போது பையில் துண்டுப்பிரசுரம் எடுத்துப் போகாதீர்கள், வீட்டு வாசலில் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்காதீர்கள். ஏன் திடீரென்று இப்படி என்று அவர்களே கேட்டால், ஆண்டவர் உணர்த்தினார் என்று ஒரு வரியில் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே கடனாளியாகப் போகிறீர்கள். கடனாளி பிரசங்கம் பண்ணக் கூடாது.

சபையில் சாட்சி சொல்வதைப் பற்றி. 1907 ஜனவரியில் கொரியாவில் பியோங்யாங் நகரத்தில் நடந்த கூட்டங்களில் கில் சன் ஜு என்ற சபை மூப்பர் எழுந்து நின்றார். இறந்துபோன நண்பர் ஒருவருடைய சொத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர், அதில் கொஞ்சம் பணத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டதை எல்லார் முன்னாலும் சொல்லி, அந்த விதவைக்குத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் குற்றங்களைச் சொன்னார்கள் என்பது கொரியச் சபை வரலாற்றில் பெரிய சம்பவம். அது ஏன் வேலை செய்தது என்றால், அவர் நான் பெரிய பாவி என்று பொதுவாகச் சொல்லவில்லை, எந்தப் பணம், யாருடைய பணம் என்று சொன்னார். ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது, சபை கடைசியில் இருக்கட்டும். நீங்கள் சபையை ஏமாற்றவில்லை, ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோவிலுக்குள் வருவதே இல்லை. அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் சபையில் சொன்னால், கைகுலுக்கிக் கண்ணீர் விட்டுப் பாராட்டுவார்கள், உங்களுக்கும் முடிந்துவிட்டது போல இருக்கும். ஆயரிடம் மட்டும் இப்போதே சொல்லுங்கள், கமிட்டிப் பொறுப்பிலிருந்து கொஞ்ச காலம் விலகிக்கொள்ளட்டுமா என்றும் நீங்களே கேளுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. சின்ன ஊர், பேச்சு பரவும், மகளின் வரன் விஷயத்தில் யாராவது இதை இழுக்கலாம். குடிநோய் மீட்புக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற அந்தப் பன்னிரண்டு படிகளில், 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய குழுவிலிருந்து வந்தவை அவை, எட்டாவது படி நாம் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதுவது, ஒன்பதாவது அவர்களுக்கு நேரடியாக ஈடுசெய்வது. அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு, அப்படிச் செய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ தீங்காக முடியும் இடங்களைத் தவிர என்று. இந்த விதிவிலக்கை உங்கள் மானத்தைக் காப்பாற்றப் பயன்படுத்தக் கூடாது, ஆனால் உங்கள் மகளைக் காப்பாற்ற நேரத்தையும் முறையையும் யோசிப்பது நியாயம்தான். அதனால் ஊர்க்கூட்டத்தில் அறிவிக்கவேண்டாம், மைக் வேண்டாம், வீடு வீடாகப் போங்கள். எழுத்தில் ஏதாவது கொடுப்பதற்கு முன்னால் நம்பிக்கையான வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் மனைவியிடம் முழுக் கணக்கையும் காட்டுங்கள். மூட்டைக்கு ஒரு கிலோ என்றுதான் அவருக்குத் தெரியும், 49 டன் என்று தெரியாது. அந்தப் பணத்தில்தான் அவரும் சமைத்திருக்கிறார், அது அவருக்கும் வலிக்கும், கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கும் 24 வயது என்கிறீர்கள், அவளிடமும் சொல்லுங்கள். வரன் வீட்டார் எங்கிருந்தோ கேட்பதைவிட அப்பாவிடமிருந்து அவள் கேட்டுவிடுவது நல்லது. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றுதான் ஆண்டவர் சொன்னார், இந்த ஆளுக்கு என்று சொல்லவில்லை.

தராசு. உங்கள் மின்னணுத் தராசுக்கு இந்த வருஷ முத்திரை போட்டாயிற்றா? எடையளவுச் சட்டப்படி அது கட்டாயம், தொழிலாளர் துறையின் கீழ்தான் வருகிறது. போட்டுவிட்டு, இனிமேல் எண் தெரிகிற பக்கத்தை விவசாயியைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, சீட்டில் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பறித்த பெண்களும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

வருமானம் குறையும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு கிலோ இல்லாமல் கமிஷனை மட்டும் வைத்து வண்டித் தவணையும் டீசலும் கட்டி, மாதா மாதம் இந்தத் தொகையும் கொடுப்பது கஷ்டம்தான். திருடினவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தன் கையால் பாடுபடட்டும் என்று எபேசியருக்கு எழுதினதில் அந்தப் பாடும் சேர்ந்தே இருக்கிறது.

17 வருஷத்து டைரிகள் அட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அவற்றை இறக்கித் தூசி தட்டுங்கள். என் கணக்கு உத்தேசமானது, டைரியில் இருப்பதுதான் சரி. பேர் வாரியாகப் பிரித்து எழுதுவது பெரிய வேலை, தனியாக உட்கார்ந்தால் நடுவில் விட்டுவிடத் தோன்றும். புதன்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை குறைவு. கோத்தகிரியிலிருந்து ஒரு மணிப் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம், மனைவியையும் அழைத்து வாருங்கள், மூன்று பேரும் சேர்ந்து எழுதுவோம். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது.